கந்தப்பளை ஜீப்புக்கு எந்த டயர்? வீட்டுக் குழுவில் ஒரு சனிக்கிழமை

*காலை 6:48*

சித்தப்பா: (காலை வணக்கம், ரோசாப்பூ படம்)

சின்னவன்: வணக்கம் சித்தப்பா. ஹட்டன் மாமா, ராகலை அண்ணே, ரெண்டு பேரும் இருக்கீங்களா? நம்ம சுசுக்கி 413க்கு டயர் நாலும் வழுக்கையாயிருச்சு. கடையில 31 இன்ச் செட் ஒன்னு இருக்காம். 10.5 அகலம், ரிம் 15. போட்டுரவா?

ஹட்டன் மாமா: இப்ப போட்டிருக்கிற டயர்ல என்ன எழுதியிருக்கு? அப்படியே அனுப்பு.

சின்னவன்: 205/70 ஆர்15 மாமா.

ராகலை அண்ணன்: கம்பெனி அளவுதான். கணக்குப் பாரு. 205 டயரோட அகலம், மி.மீ.ல. அதுல 70 வீதம் 143.5 மி.மீ. அது பக்கச் சுவரு. மேலயும் கீழயும் சேர்த்து 287. ரிம் 15 இன்ச்னா 381. மொத்தம் 668 மி.மீ. உயரம். நீ சொல்ற 31 இன்ச் 787. கிட்டத்தட்ட 18 வீதம் பெருசு.

சின்னவன்: பெருசா இருந்தா நல்லதுதானே அண்ணே, தோட்டத்து ரோட்டுல கல்லு அடியில தட்டாது.

ராகலை அண்ணன்: கூடுற 119ல பாதிதான் அடியில கிடைக்கும், 60 மி.மீ. அந்த 60க்கு நீ என்னென்ன குடுக்கணும்னு மாமா சொல்லுவாரு.

ஹட்டன் மாமா: (குரல் பதிவு, 2:10)

பெரியக்கா: மாமா, பஸ்ல இருக்கேன், கேக்க ஏலாது. எழுதுங்க.

ஹட்டன் மாமா: சரி எழுதுறேன். உன் வண்டி மெனுவல். ஒட்டோ கியர்னா டோர்க் கன்வர்ட்டர் நடுவுல நின்னு கொஞ்சம் சமாளிக்கும். மெனுவல்ல நின்ன வண்டிய நகத்துறது கிளச் தட்டு மட்டும்தான். டயர் பெருசானா அதே முதல் கியருல வண்டி ஒரு சுத்துக்குக் கூடத் தூரம் போகும். அப்ப கிளச்ச முழுசா விடுறதுக்குள்ள கூட வேகம் எடுத்தாகணும். அவ்வளவு நேரமும் தட்டு வழுக்கிக்கிட்டு, சூடாகிக்கிட்டு இருக்கும். மூட்டை ஏத்தி ஏத்தத்துல நிறுத்தி எடுக்கிறவனுக்கு முதல்ல போறது கிளச்தான்.

ஹட்டன் மாமா: 413ல டிப் (அக்ஸல் நடுவுல உள்ள டிபரென்ஷியல் கியர்) விகிதம் 3.727. 31 போட்டா அது 3.16 டிப் மாதிரி நடக்கும், இழுவை குறையும். ஏற்கனவே அது 1300 சிசி எஞ்சின்.

ராகலை அண்ணன்: அதுக்கு மேல நம்ம ஊரு உயரம். கந்தப்பளைக்குப் பக்கத்துல நுவரெலியா 1868 மீட்டர். அங்க காத்தோட அடர்த்தி கடல் மட்டத்துல உள்ளதுல 83 வீதம்தான். டேர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்குத்தான் இழுக்கும். 31 போட்டா அதுலயும் 15 வீதம் போகும். ரெண்டையும் பெருக்கிப் பாரு, கொழும்புல பழைய டயர்ல இழுத்ததுல 70 வீதம்தான் கந்தப்பளையில மிச்சம்.

சித்தப்பா: அப்ப லொறி புடிச்சே மரக்கறி அனுப்பலாம் 😄

சின்னவன்: சரி 31 வேணாம். 235/75 ஆர்15? நிறையப் பேரு போட்டிருக்காங்களே.

ராகலை அண்ணன்: 235 போட்டா 733.5 மி.மீ. 10 வீதம் கூட. 215/75ன்னா 703.5, 5 வீதம் கூட. 195/80 ஆர்15னு ஒன்னு இருக்கு, புது ஜிம்னிக்கு வர்ற அளவு, அது 693. நாலு வீதம் கூட இல்ல, ஒல்லியா இருக்கும். சேத்துல ஒல்லி டயர் அடியில உள்ள கெட்டித் தரைய தேடிப் போகும், அகலமானது மேல மிதந்து வழுக்கும்.

ஹட்டன் மாமா: ரிம்ம மறந்துராதீங்க. இவன் ரிம் 5.5 இன்ச் அகலம். 195க்கும் 215க்கும் அது சரி. 235க்கு ஆகக் குறைஞ்சது 6 வேணும். 5.5ல 235 ஏத்தினா டயர் நடுவுல புடைச்சு நிக்கும், நடுப்பகுதி மட்டும் தேயும், வளைவுல பக்கச் சுவர் ஆடும். கடைக்காரன் ஏத்தித் தருவான், அது வேற கதை.

சின்னவன்: கணக்குல 10 வீதம்னா ஓட்டும்போது எப்படித் தெரியும் அண்ணே?

ராகலை அண்ணன்: அஞ்சாவது கியர் செத்துப் போகும். இப்ப 60ல அஞ்சாவதுல எஞ்சின் 2000 சுத்து கிட்ட ஓடும். 235ல அது 1800. சின்ன ஏத்தம் வந்தாலே நாலாவதுக்கு இறங்கணும். ஏத்தத்துல மூணாவதுல போன இடம் ரெண்டாவதாகும். நீ கியர மாத்தாம மிதிச்சா எஞ்சின் திணறும், பெட்ரோல் தின்னும்.

சித்தப்பா: மீட்டர் தப்பாக் காட்டுமாமே?

ராகலை அண்ணன்: ஆமா சித்தப்பா. 215ல மீட்டர் 60 காட்டினா ஓடுறது 63. 235ல 66. கிலோமீட்டரும் குறைச்சுக் காட்டும், அதனால ஒயில் மாத்துற கணக்கும் பெட்ரோல் கணக்கும் பிசகும். நேரான ரோட்டுல போன் ஜிபிஎஸ் வச்சு ஒரு தடவை பாத்தா போதும்.

பெரியக்கா: எல்லாரும் ஏத்தத்தப் பத்தியே பேசுறீங்க. இறக்கத்துக்கு? இவன் றம்பொடை வழியாத்தான் கம்பளைக்கு இறங்குறான்.

ஹட்டன் மாமா: நல்ல கேள்வி. ஏத்தத்துல இழுக்காட்டி வண்டி நிக்கும், அவ்வளவுதான். இறக்கத்துல எஞ்சின் புடிச்சு வைக்கிற பலம் அதே 10 வீதம் குறையும். ப்ரேக்கும் அப்படித்தான். டிஸ்க் அதே அளவு, டயர் மட்டும் உயரம், அப்ப ஒரே மிதிக்கு ரோட்டுல கிடைக்கிற புடி குறைவு. கனமான டயர் சுத்துற வேகத்தயும் சேர்த்து நிறுத்தணும். முன்ன மூணாவதுல இறங்கின இடத்துல ரெண்டாவதுல இறங்கணும். பழைய பழக்கத்துல இறங்கி ப்ரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா பேட் சூடாகி, பெடல் கெட்டியா இருக்கும், வண்டி மட்டும் நிக்காது. ப்ரேக் ஒயில் பழசா இருந்து கொதிச்சுச்சுன்னா பெடலே அடியில போயிரும்.

சின்னவன்: அப்ப 235 போடவே ஏலாதா மாமா?

ஹட்டன் மாமா: ஏலும். டிப்பையும் சேர்த்து மாத்தணும். பழைய 410 ஜீப்புல வர்ற டிப் 4.111. அத போட்டு 235 டயர் ஏத்தினா நடக்கிறது 3.74 டிப் மாதிரி. உன் கம்பெனி டிப் 3.73. அச்சு அசலா பழைய இழுவை. 413ல மீட்டர் வயர் ட்ரான்ஸ்பர்ல (முன், பின் அக்ஸலுக்கு பலத்த பிரிச்சு அனுப்புற கியர் பெட்டி) இருந்து வர்றதால மீட்டரும் தானா சரியாகிடும்.

ஹட்டன் மாமா: ஆனா கவனம். முன் டிப், பின் டிப் ரெண்டையும் மாத்தணும். ஒன்ன மட்டும் மாத்திட்டு ஃபோர் வீல் போட்டா முன்னாடி ஒரு வேகம், பின்னாடி ஒரு வேகம். ஒன்னு டயர் தேயும், இல்ல ட்ரான்ஸ்பர் உடையும்.

சின்னவன்: கொழும்பு பஞ்சிகாவத்தை பழைய பார்ட்ஸ் கடைகள்ல கிடைக்குமா?

ஹட்டன் மாமா: தேடணும். கிரவுனும் பினியனும் (டிப்புக்குள்ள உள்ள பெரிய, சின்ன பல்சக்கரம்) தனியா வாங்காத. அது ரெண்டும் உள்ள இருக்கிற உருண்டையோட முழுசா வாங்கு. இதுல டிப் உருண்டை ப்ரொப்பெலர் சாப்ட் மாட்டுற பக்கமா கழண்டு வரும், உள்ள அட்ஜஸ்ட் பண்ணினது கலையாம அப்படியே மாத்தலாம். தனியா வாங்கினா பல் படியிற இடம் பாக்கணும், இடைவெளி அளக்கணும். தப்பினா 40ல ஊளையிடும்.

வாங்கும்போது பல்ல எண்ணு. கிரவுன்ல 37, பினியன்ல 9 இருந்தா 4.111. 41, 11னா உன் பழைய டிப்தான். அக்ஸல் சாப்ட் போற ஓட்டையில உள்ள பல்லும் உன் சாப்டோட சேரணும், 410ல வேற எண்ணிக்கை வந்திருக்கு. அத எண்ணாம வாங்கினா உருண்டைய மேசையில வச்சுப் பாத்துக்கிட்டு இருக்க வேண்டியதுதான்.

மாட்டினப்புறம் ஒயில் ஜிஎல்-5, 80-90. முன்னாடி 2 லீட்டர், பின்னாடி 1.5 கிட்ட. நிரப்புற துளையில வழியுற வரைக்கும் ஊத்து.

சின்னவன்: சல்லி கணக்கு பாத்தா தல சுத்துது. 215 போட்டா டிப்ப தொட வேணாம்தானே?

ஹட்டன் மாமா: வேணாம். அஞ்சு வீதம் தெரியும், ஆனா தாங்கும். கிளச் நல்லா இருந்தா. முதல்ல அத பாரு. ஏத்தத்துல நாலாவது கியருல 40ல போய் அக்ஸிலேட்டர முழுசா மிதி. எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறலன்னா தட்டு முடிஞ்சுது. அப்படின்னா டயருக்கு முன்ன கிளச் மாத்து.

ராகலை அண்ணன்: இன்னொன்னு. முன் சில்லுல உள்ள ஹப் கையால திருப்பி பூட்டுறதுதானே? மூட்டையோட தார் ரோட்டு ஏத்தத்துல எடுக்கணும்னா முன் ஹப் ரெண்டையும் ப்ரீல வச்சுட்டு லீவர ஃபோர் லோவுக்கு போடு. முன் சில்லு இழுக்காது, பின்னாடிக்கு மட்டும் லோ கியர் கிடைக்கும். முதல் கியர் லோவுல மொத்தம் 31க்கு 1, ஹைல 19க்கு 1. கிளச் வழுக்காம நடந்து போற மாதிரி ஏறும். ஹப்ப பூட்டிட்டு காய்ஞ்ச தாருல அத பண்ணாத, வளைவுல முறுக்கிக்கும்.

ஹட்டன் மாமா: அத பண்ணினா மெதுவா மிதிக்கணும். லோவோட பலம் முழுக்க பின் அக்ஸலுக்கு மட்டும் போகுது. மழையில இறங்கும்போதும் அந்த வேலை வேணாம், பின் சில்லு மட்டும் புடிச்சா வால் ஆடும்.

பெரியக்கா: டயர் பூ (மேல உள்ள வெட்டு) எப்படிப்பட்டது?

ராகலை அண்ணன்: ஏ.டி. (எல்லாத் தரைக்கும் ஆனது) போதும் அக்கா. மட் டயர் கட்டை கட்டையா இருக்கும், களிமண்ண வீசித் தள்ளும். ஆனா நம்ம ஓட்டத்துல முக்காவாசி மழையில நனைஞ்ச தார். அங்க மட் டயர்ல ரப்பர் தரையில படுறது குறைவு, ப்ரேக் போட்டா நீளமா வழுக்கும். சத்தம் வேற.

ஹட்டன் மாமா: ஏத்தினப்புறம் உரசுதான்னு பாக்கிறது: ஒரு பக்கத்து முன் சில்லை கல்லுல ஏத்தி ஸ்ப்ரிங் முழுசா அமுங்க விடு, ஸ்டீரிங்க ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பு. பம்பர் மூலை, லீப் ஸ்ப்ரிங், ப்ரேக் ஹோஸ் மூணையும் பாரு. ஹோஸ் இழுபடக் கூடாது. 215 சாதாரணமா உரசாது.

50 தாண்டினதும் ஸ்டீரிங் உதறினா டயர திட்டாத. முன் சில்லு திரும்புற கிங்பின் பேரிங் தேஞ்சிருக்கும், பழைய சின்ன டயர் அத மறைச்சு வச்சிருந்திருக்கும். முன் சில்லை ஜாக்கி போட்டுத் தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாரு.

சின்னவன்: காத்து எவ்வளவு மாமா?

ஹட்டன் மாமா: வண்டி ஒரு டன் கூட இல்ல. கடைப் பொடியன் 35 பி.எஸ்.ஐ. அடிப்பான், விடாத. காலையில டயர் ஆறி இருக்கும்போது 26ல ஆரம்பி. வெண்கட்டியால டயர்ல குறுக்க ஒரு கோடு போட்டு, நேரா 50 மீட்டர் ஓட்டு. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து கூட. ரெண்டு ஓரமும் அழிஞ்சா குறைவு. மூட்டையோட தனியா ஒரு தடவை பாரு, பின்னாடி கூட வேணும். சேத்துல 18க்கு இறக்கலாம். 15க்கு கீழ போனா ரிம்ம விட்டு டயர் கழண்டுரலாம். தாருக்கு வந்தா திரும்ப அடிச்சுரு.

சின்னவன்: நாலு வாங்கினா போதும்தானே?

ராகலை அண்ணன்: அஞ்சு. ஸ்பேர் பழைய 205ஆ இருந்து அத மாட்டிட்டு ஃபோர் வீல் போட்டா மாமா சொன்ன அதே கதை.

*பகல் 11:35*

சின்னவன்: கடையில நிக்கிறேன். 215/75 ஏ.டி. அஞ்சு இருக்கு. (5 படம்)

ஹட்டன் மாமா: பக்கச் சுவர்ல முட்டை வடிவத்துக்குள்ள நாலு இலக்கம் இருக்கும், எழுது.

சின்னவன்: மூணுல 0824. ரெண்டுல இலக்கமே இல்ல.

ஹட்டன் மாமா: மத்தப் பக்கத்துல இருக்கும். ஒரு பக்கம்தான் முழுசா அடிப்பாங்க. பெரட்டிப் பாரு.

சின்னவன்: 1816.

ஹட்டன் மாமா: மூணு 2024ல எட்டாவது கிழமை செஞ்சது. ரெண்டு 2016ல 18ஆவது கிழமை. பூ புதுசா இருந்தாலும் ரப்பர் செத்துருக்கும், நனைஞ்ச தாருல புடிக்காது. அந்த ரெண்ட எடுக்காத. அஞ்சும் ஒரே வருசம் வரும்வரை நில்லு, இல்ல வேற கடை பாரு.

சின்னவன்: செவ்வாய்க்கிழமை புதுசு ரெண்டு வருதாம். அன்னைக்கே வந்து எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.

பெரியக்கா: வெண்கட்டி நான் ஸ்கூல்ல இருந்து கொண்டாறேன். வெள்ளையா, கலரா?

ஹட்டன் மாமா: வெள்ளை போதும்.