மறு: ‘டார்க்’ தமிழில் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

அன்பர்களே,

காருக்கு வெளிக்கடையில் வாங்கி மாட்டும் சைலன்சர், மேனிஃபோல்ட் (என்ஜின் புகையைச் சேர்த்து வெளியே கொண்டுபோகும் குழாய்) செட்டின் பொருத்தல் கையேட்டைத் தமிழாக்குகிறேன். போல்ட்டைத் திருப்ப ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கின் அளவான ‘டார்க்’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. “எம்8 போல்ட், 25 நியூட்டன் மீட்டர்” என்று பெயர்ச்சொல்லாக வந்தால் சமாளித்துவிடலாம். “நடு போல்ட்டில் தொடங்கி இரு பக்கமும் வெளியே போய், மூன்று சுற்றில் டார்க் செய்க” என்று வினையாக வரும்போது திணறுகிறேன். பாடநூலின் ‘திருப்பு விசை’யையே வைத்துவிடவா?

– மொழிபெயர்ப்பாளர், கோவை

*

தம்பி, அது மட்டும் வேண்டாம். விசைக்கு அலகு நியூட்டன். இதற்கு நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் ஸ்பேனரின் நுனியில் 100 நியூட்டன் கொடுத்தால் 25. குழாய் செருகி அரை மீட்டராக்கினால் அதே 25-க்கு 50 நியூட்டன் போதும். விசை பாதியாகியும் மாறாத ஒன்றை விசை என்பது எப்படி? பழைய ‘திருப்புத்திறன்’ இன்னொரு வம்பு. திறன் என்றதும் மாணவன் வாட் என்பான்.

முறுக்கு நல்ல வேர். யாழ் நரம்பை வலிக்கும் ஆணி முறுக்காணி. மாடகம் என்றும் சொல்வார்கள். நரம்பின் குற்றம் நான்கு என்று எண்ணினார்கள்: கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு. முறுக்கு விழுவதே குற்றம் என்றால், குற்றமாகாத முறுக்குக்கு ஓர் அளவு உண்டு. அதனால் ‘முறுக்களவு’.

– ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர், மதுரை

*

ஐயா, யாழ் வரைக்கும் என் பையன்களை நான் எப்படிக் கூட்டிப்போவது? அவர்களுக்குத் தெரிந்தது “டைட் வை”. நான் கரும்பலகையில் ‘இறுக்களவு’ என்று எழுதுகிறேன், உடனே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனாலும் போன மாதம் ஒருவன், டார்க் ரெஞ்ச் குறித்த அளவு வந்ததும் ‘டக்’ என்ற பிறகும், “இன்னும் டைட் ஆகல சார்” என்று ஒரு இழுப்பு இழுத்தான். மேனிஃபோல்ட்டைப் பிடிக்கும் ஸ்டட் (தலையில்லாத போல்ட்) சிலிண்டர் ஹெட்டின் மட்டத்தோடு முறிந்தது. துளை போட்டு எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது.

– ஐ.டி.ஐ. பயிற்றுநர், திருச்சி

*

பயிற்றுநர் ஐயா, கோபப்படாதீர்கள், அந்த ஸ்டட்டை முறித்ததில் உங்கள் சொல்லுக்கும் பங்குண்டு. இறுக்களவு என்று படித்தவன் இறுக்கத்தைத்தானே தேடுவான்? டார்க் வேறு, இறுக்கம் வேறு. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறையப் பத்தில் ஒன்பது பங்கைப் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் (போல்ட்டில் சுற்றி ஓடும் வெட்டு) உராய்வு தின்றுவிடும். மிச்சம்தான் இணைப்பில் கசியாமலிருக்க நடுவில் வைக்கும் கேஸ்கெட்டை அழுத்துகிறது. சூட்டில் மரை பிடித்துக்கொள்ளாமலிருக்கக் காப்பர் பேஸ்ட் தடவுகிறோம். தடவிவிட்டு அதே 25 வைத்தால், உராய்வு குறைந்த அளவுக்கு இறுக்கம் ஏறிவிடும். 25 என்பது உலர்ந்த மரைக்கா, தடவிய மரைக்கா என்று கையேடு சொல்லியாக வேண்டும். “இறுக்களவு மாறாமலே இறுக்கம் கூடும்” என்று எழுதிப் பாருங்கள், யாருக்குப் புரியும்?

– ஒர்க்‌ஷாப் நடத்தும் பொறியாளர், சென்னை

*

வினைக்கு ஏன் அலைகிறீர்கள்? எங்கள் பக்கம் “நட்டை முடுக்கு” என்கிறோமே. அதோடு, ‘மரை’ கையேட்டில் அப்படியே இருக்கட்டும். ‘புரி’ என்று மாற்றச் சொல்லி யாராவது வரும் முன் சொல்லிவைக்கிறேன்.

– திருநெல்வேலி

*

புரிதான் பழஞ்சொல், கயிற்றிலிருந்து வந்தது. அது இருக்கட்டும். முடுக்கம் என்றால் கார் வேகம் பிடிப்பது என்றாகிவிட்டதே! கார் கையேட்டில் போய் முடுக்கா?

– மதுரை

*

நேற்றிரவு அனுப்பிவிட்டேன். முதலிடத்தில் ‘டார்க் எனப்படும் முறுக்களவு’, பிறகு முறுக்களவு மட்டும். கேஸ்கெட் அழுத்தத்துக்கு ‘இறுக்கம்’. வினைக்கு, மதுரை ஐயா பொறுத்தருள வேண்டும், “குறித்த முறுக்களவு வரை முடுக்குக”. என்ஜின் சூடாகி முழுக்க ஆறிய பிறகு சரிபார்க்கும் இடத்தில் ‘மறுமுடுக்கு’. 25 எந்த மரைக்கு என்று நிறுவனத்திடம் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை.

– கோவை

*

என் கரும்பலகையில் இறுக்களவுதான் இருக்கும். ஆனால் பக்கத்தில் உலர்ந்தது, தடவியது என்று இரண்டு கட்டம் போட்டுவிட்டேன்.

– திருச்சி