7 கிலோவுக்குள் அடக்க முடியவில்லை, பூட்டுச் சங்கிலிக்கு மாற்று உண்டா?

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருந்து எழுதுகிறேன். வரும் வியாழன் பெங்களூரில் இருந்து பாங்காக், அங்கிருந்து இரவு ரயிலில் சியாங் மாய். மொத்தம் 9 இரவு, ரயில் தவிர எல்லாமே 8 பேர் சேர்ந்து தங்கும் டார்ம் அறை. டிக்கெட்டில் 7 கிலோ கைப்பை மட்டும்தான்.

பை 40 லிட்டர், காலியாகவே 1.8 கிலோ. நண்பனின் மாங்காய் மண்டித் தராசில் வைத்தால் முதலில் 10.1 காட்டியது. இரண்டு ஜீன்ஸை எடுத்தேன், 1.3 கிலோ போனது. டர்க்கி டவலுக்குப் பதில் ஈரிழைத் துண்டு. ஷாம்பு பாட்டிலும் வெளியே. 100 மில்லிக்கு மேல் கைப்பையில் எப்படியும் விடமாட்டார்கள். இப்போது 8.1. பவர் பேங்கை விட்டுவிட்டுப் போக முடியாது. அம்மா கொடுத்த பருப்புப் பொடி 400 கிராம், அதையும் மனசில்லாமல் எடுத்துவிட்டேன் என்றே வையுங்கள், 7.7.

மிச்சம் இடிப்பது 700 கிராம் சைக்கிள் சங்கிலிப் பூட்டு. அதை விட்டுவிட்டுப் போகவும் பயம். போன வருடம் ஒரு டார்மில் குளித்துவிட்டு வருவதற்குள் கட்டிலடியில் இருந்த என் பை திறந்து கிடந்தது, 3,000 ரூபாய் காணோம். பாஸ்போர்ட்டும் பணமும் இப்போது இடுப்புப் பையில், குளிக்கும்போதும் பிளாஸ்டிக் கவரில் கூடவே வரும். பெரிய பைதான் பிரச்சினை. இந்த முறை பதிவு செய்த இரண்டு இடங்களிலும் லாக்கர் சின்னது, பை நுழையாது. ஜிப்பில் நம்பர் பூட்டு போட்டுப் பார்த்தேன். பேனா முனையால் ஜிப்பைப் பிளந்து நண்பனே திறந்து காட்டிவிட்டான்!

சங்கிலி இல்லாமல், 200 கிராமுக்குள், பெரிய பையைக் கட்டிலோடு பூட்ட நீங்கள் எதைப் பயன்படுத்துகிறீர்கள்?