குசினிக்கு ஸ்டீல் சிங்க்: 304ஆ, 202ஆ? ஆழம் எவ்வளவு வேண்டும்?

கொட்டகலை மகள் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். கொட்டகலைப் பக்கம், 7 பேர்ச் காணியில் கட்டிய வீடு எங்களுடையது. இப்போது குசினியைத் திருத்திக் கட்டுகிறோம். விறகடுப்பு பின்பக்கம் அப்படியே இருக்கும். முன்பக்கம் கொங்கிரீட் தட்டு போட்டு டைல் ஒட்டி, காஸ் அடுப்பும் சிங்க்கும் வைக்கப் போகிறோம்.

இத்தனை காலமும் பாத்திரம் கழுவியதெல்லாம் வெளியே தண்ணீர் விழும் பீலியடியில்தான். அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். இப்போது இடுப்பு வலி. குந்தியிருந்து கழுவிவிட்டு எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுதான் நடக்கிறார். அதனால் இந்தக் குசினி வேலையில் எனக்கு முதலில் சிங்க்தான். கபட், பெயின்ட் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

ஹட்டன் டவுனில் விசாரித்தேன். பார்வைக்கு ஒன்றுபோல இரண்டு சிங்க். ஒன்றில் 304 என்று ஸ்டிக்கர், மற்றதில் 202. விலை கிட்டத்தட்ட இரட்டிப்பு வித்தியாசம். கடைக்காரர் 202இல் காந்தத்தை வைத்து, “பாருங்க தங்கச்சி, ஒட்டல, நல்ல ஸ்டீல்” என்றார். அந்தக் கூடுதல் காசைக் கொடுப்பது பிரயோசனமா? ஒரு தொட்டியா, இரண்டு தொட்டியா? ஆழம் எவ்வளவு? எங்கள் தண்ணீர்த் தாங்கி வீட்டுக்கு மேலே மலையில் இருக்கிறது. பைப்பைத் திறந்தால் சட்டையெல்லாம் நனையும். அம்மா நாலே முக்கால் அடி உயரம். மேசன் பாஸ் அடுத்த கிழமை தட்டு போட வருகிறார்.

தலவாக்கலை அக்கா:

தங்கச்சி, இரண்டு தொட்டி வேண்டாம். கடையில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் சோற்றுப் பானையைக் கிடத்திக் கழுவ எந்தத் தொட்டியிலும் இடம் போதாது. ஒரே பெரிய தொட்டியும் பக்கத்தில் தண்ணீர் வடியும் தட்டும் சேர்ந்தே வருவதை வாங்குங்கள். ஜூன், ஜூலையில் இங்கே வெயிலையே காண முடியாது, துடைக்காமல் அடுக்கினால் பாத்திரம் மறுநாளும் ஈரமாகவே இருக்கும். தட்டில் வரி வரியாகப் பள்ளம் இருக்கிறதா, சரிவு தொட்டிப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆழம் 10 அங்குலம் எடுத்தால் தெறிக்காது.

பண்டாரவளை பைப் வேலை:

அக்கா சொன்ன ஒற்றைத் தொட்டியும் வடிதட்டும் சரி. ஆழத்தில் மட்டும் நான் வேறு மாதிரி சொல்வேன். இருபது வருஷமாக இந்தப் பக்கம் பைப் வேலை செய்கிறேன். 10 அங்குலத் தொட்டி போட்ட வீடுகளில் குள்ளமான அம்மாமார் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். கை தொட்டியின் அடிக்கு எட்ட வேண்டும். எட்டாவிட்டால் இடுப்புதான் வளையும். பீலியடியில் குனிந்தவர் குசினிக்குள் வந்தும் குனிவதற்கா இவ்வளவு செலவு?

இப்படிச் செய்யுங்கள் தங்கச்சி. அம்மாவை அவர் போடும் செருப்போடு நேராக நிற்கச் சொல்லுங்கள். கையைத் தளர்வாகக் கீழே தொங்கவிட்டு, விரல்களை மடக்கி முட்டி பிடிக்கட்டும். தரையிலிருந்து அந்தக் கைமுட்டி வரை அளந்து பாருங்கள். அவர் உயரத்துக்கு 25 அங்குலம் அளவில் வரும். தொட்டியின் அடி அந்த மட்டத்தில் இருக்க வேண்டும். 8 அங்குல ஆழத் தொட்டி என்றால் மேல்தட்டு 33 அங்குலம். பாஸ்மார் பழக்கத்தில் 36 வைத்துவிடுவார்கள், அப்போது கையைத் தூக்கிப் பிடித்தே வேலை செய்ய வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த தோளுக்கு அது கூடாது. டைலோடு சேர்த்து 33 என்று இப்போதே சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள்.

தெறிப்பதைப் பைப்பில்தான் தீர்க்க வேண்டும், தொட்டியில் இல்லை. தாங்கி 10 மீற்றர் உயரத்தில் இருந்தால் ஏறக்குறைய 1 பார் அழுத்தம். உங்களது 40 மீற்றர் மேலே இருந்தால் 4 பார், ஒரு குசினிப் பைப்புக்கு அது அதிகம். சிங்க்குக்குக் கீழே ஆங்கிள் வால்வ் ஒன்று போட்டுப் பாதி மூடி வையுங்கள். பைப் வாயில் எயரேட்டர் சல்லடை பூட்டுங்கள், தண்ணீர் காற்றோடு கலந்து மெதுவாக விழும். மழை நாளில் மணல் வந்து அதை அடைக்கும். கழற்றி அலசிப் போட்டால் சரி.

இனி ஸ்டீல். காந்தம் பொதுவாக 304இலும் ஒட்டாது, 202இலும் ஒட்டாது. அதனால் கடைக்காரர் காட்டியது எதையும் நிரூபிக்காது. 430 என்ற நிக்கல் இல்லாத ரகத்தில்தான் நன்றாக ஒட்டும். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் அளவில் இருக்கும். 202இல் நிக்கலைப் பாதியளவுக்குக் குறைத்து மங்கனீசு சேர்ப்பார்கள், விலை குறைவது அதனால்தான். துருவைத் தடுக்கும் குரோமியப் படலம் இரண்டிலும் உண்டு, ஆனால் உப்புப் பட்டால் 202 சீக்கிரம் தோற்கும். நம் வீடுகளில் கருவாடு ஊறவைக்காத வாரம் உண்டா? அந்த உப்புத் தண்ணீர் இரவெல்லாம் கிடந்தால் ஊசி குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக அரிக்கும். நான் 304க்கே காசு கொடுப்பேன். ஸ்டிக்கரை மட்டும் நம்பாமல், பில்லில் 304 என்று எழுதி வாங்குங்கள்.

கேஜ் என்றால் தகட்டின் தடிப்பு. எண் குறையக் குறைய தகடு தடிக்கும். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர், 22 கேஜ் 0.8கூட வராது. தொட்டியின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள், உள்ளே போய் ‘டொக்’ என்று திரும்பி வந்தால் வேண்டாம்.

கழிவுத் துளை மூன்றரை அங்குலம், கூடை வடியோடு. கீழே வளைந்த டிராப் கட்டாயம். அதில் நிற்கும் தண்ணீர்தான் கழிவுநீர்க் கானிலிருந்து நாற்றமும் கரப்பானும் ஏறாமல் தடுக்கிறது. சில இடங்களில் நேர்க்குழாயை அப்படியே கானுக்கு விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

கொட்டகலை மகள்:

அண்ணா, வாசித்ததும் அளந்து பார்த்தேன். இருபத்தைந்தே கால் வந்தது. பாஸ் 35 என்று சொல்லியிருந்தார், இன்றே போன் எடுத்துச் சொல்லிவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. சிங்க் தட்டுக்குக் கீழே வருவது நல்லதா, மேலே உட்காருவதா? விறகடுப்புக் கரிப்பானையையும் தேயிலைக் கறையையும் எதால் தேய்ப்பது? அம்மாவுக்குச் சாம்பல்தான் பழக்கம்.

பண்டாரவளை பைப் வேலை:

டைல் ஒட்டிய தட்டுக்கு மேலே உட்காரும் சிங்க்தான். கீழே பூட்டினால் டைல் விளிம்புக்குள் தண்ணீர் இறங்கி கொங்கிரீட் ஊறும். கிரனைட் என்றால் கீழே பூட்டலாம்.

சாம்பல் வெளிப்பானைக்கு இருக்கட்டும், தொட்டிக்கு வேண்டாம், கீறல் விழும். இரும்புக் கம்பி நாரும் கூடாது. அதன் துகள் ஒட்டித் துருப் பிடிக்கும், பிறகு சிங்க்தான் துருப்பிடித்தது என்று நினைப்போம். கரிப்பானைக்கு அடியில் ரப்பர் விரிப்புப் போட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கட்டும். தேயிலைக் கறைக்கு அப்பச்சோடா ஈரத்துணியில் எடுத்து, ஸ்டீலின் கோடு ஓடும் பக்கமாகவே தேய்த்தால் போகும். குளோரின் சேர்ந்த வெளுக்கும் மருந்தைத் தொட்டியில் ஊற்றி வைக்காதீர்கள்.

யாழ்ப்பாணத்துத் தண்ணீர் மாதிரி நம் ஊற்றுத் தண்ணீரில் அவ்வளவு சுண்ணாம்பு இல்லை. வெள்ளைப் படிவுக்குப் பயப்படத் தேவையில்லை.

தலவாக்கலை அக்கா:

10 அங்குலம் என்று நான் சொன்னது என் உயரத்துக்கு. அம்மாவுக்குத் தம்பி சொன்னபடியே செய்யுங்கள். சிங்க்கை வாங்கி வீட்டில் வைத்துவிட்டுத்தான் பாஸைத் தட்டில் துளை விடச் சொல்லுங்கள். பெட்டியோடு வரும் அளவுக் காகிதத்தை எறிந்துவிடாதீர்கள், துளைக்கு அதுதான் அளவு.