செண்பகம்னா பூவா, குருவியா?

தென்காசிக்காரன்: செம்போத்து படத்தைப் போட்டு மேல "செண்பகம்"னு எழுதியிருக்கார் ஒருத்தர், கீழ அத்தனை பேரு சூப்பர் சூப்பர்னு வேற. செண்பகம்னா பூங்க. குத்தாலத்துல செண்பகாதேவி அருவி இருக்கே, அது குருவி பேரா? குறிஞ்சிப்பாட்டுல கபிலர் பூவா அடுக்கும்போது "பெருந்தண் சண்பகம்"னு சொல்றார். பூ.

சாவகச்சேரியான்: படம் போட்டது நான்தான். எங்கட பக்கம் சின்னப்பிள்ளையளும் உந்தக் குருவியைச் செண்பகம் எண்டுதான் சொல்லுங்கள். சிவப்புக் கண்ணும் செங்காவிச் செட்டையுமா வேலிக்கரையில நடந்து திரியும். உங்கட ஊரில சொல்லாட்டி அது பிழையோ?

தென்காசிக்காரன்: கபிலர் பூன்னு சொல்லிட்டாரு, அதுக்கு பதில் சொல்லுங்க.

பறவைப்பித்தன்: ரெண்டும் ரெண்டு உசுரு, விடுங்களேன். மரம் மாக்னோலியா சம்பகா. குருவி சென்ட்ரோபஸ் சைனென்சிஸ், குயில் குடும்பம், ஆனா குயில் மாதிரி காக்கா கூட்டுல முட்டை போடாது, தானே கூடு கட்டும், நத்தை ஓணான் எல்லாம் திங்கும். ஒரே பேரு வந்தா என்ன இப்போ? கொங்குல காடை, ஆந்தைனு மனுசங்க கூட்டத்துக்கே பேரு இருக்கு.

தென்காசிக்காரன்: லத்தீன் தெரிஞ்சா பெரிய ஆளா? நான் கேட்டது பூவா இல்லையா.

ஈரோட்டுத்தம்பி: ஏனுங், நான் ஆந்தை கூட்டமுங். உங்க குருவிச் சண்டைக்குள்ள எங்களை எதுக்கு இழுக்கறீங்? அது எங்க குலப்பேருங், மரியாதையா பேசுங்.

பறவைப்பித்தன்: தப்பா என்னங்க சொன்னேன்? உதாரணம் தானே.

ஈரோட்டுத்தம்பி: உதாரணத்துக்கு உங்க வீட்டுப் பேரைச் சொல்லுங்.

சாவகச்சேரியான்: தென்காசி அண்ணை போன கிழமை "கதைக்கிறது" தமிழே இல்லையெண்டு சண்டை பிடிச்சவர், இப்ப செண்பகம். எங்கட தமிழ் எண்டாலே உங்களுக்குக் கடிக்குது.

தென்காசிக்காரன்: அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. தமிழ் எல்லாருக்கும் சொந்தம்னுதான் சொல்றேன், அதனாலதான் பூவைப் பூன்னு சொல்லச் சொல்றேன், செம்போத்துன்னு அழகான பேரு இருக்கும்போது பூவோட பேரைப் புடுங்கி அதுக்கு வைக்கிறது என்ன நியாயம்?

மலர்விழி: எங்க ஆச்சி செம்போத்து வலம் போனா நல்ல சகுனம்னு சொல்லுவாங்க.

தென்காசிக்காரன்: பாத்தீங்களா, இவங்க ஆச்சியே செம்போத்துன்னுதான் சொல்லியிருக்காங்க.

மலர்விழி: நான் சகுனத்தைச் சொன்னேன், உங்க கட்சியில சேர வரல.

சாவகச்சேரியான்: என்ர அம்மம்மா செண்பகம் எண்டுதான் சொன்னவ. அவவுக்கும் கபிலரைக் காட்டுவீரோ?

ஈரோட்டுத்தம்பி: எனக்கு இன்னும் பதிலே வரலீங்.