ஹேட்ரியன் சுவர்க் கற்கள்: பெயரை வைத்துக் காலம் சொல்லலாமா?

வடக்குவாசல் (கேள்வி):
ரோமானியர் வட பிரிட்டனில் கட்டிய ஹேட்ரியன் சுவரின் சிறு கற்கள் பலவற்றில் இடம்வலம் மாறிய ஆங்கில 'C' போல ஒரு குறி, அடுத்து ஒரு பெயர், அவ்வளவுதான். லீஜியன் (ரோமானியப் பெரும்படைப் பிரிவு) பெயரும் இல்லை, ஆண்டும் இல்லை. அந்தப் பகுதியை யார், எப்போது கட்டினார்கள் என்று இவற்றை வைத்துச் சொல்ல முடியுமா?

கல்லெழுத்து:
அந்தக் குறி 'செஞ்சுரி', சுமார் 80 வீரர்கள் கொண்ட பிரிவு. அடுத்து வருவது அதன் தலைவனான செஞ்சூரியன் பெயர். "இன்னாருடைய பிரிவு கட்டியது" என்று பொருள். சிலவற்றில் கோஹார்ட் (பல செஞ்சுரிகள் சேர்ந்த பிரிவு) எண்ணும் இருக்கும்.

ஆக, 'யார்' கிடைக்கும், 'எப்போது' கிடைக்காது. அதற்கு 38ஆம் மைல்கோட்டை (சுவரில் ரோமன் மைலுக்கு ஒன்றாக அமைந்த சிறு கோட்டை) கல்வெட்டு போன்றது வேண்டும். பேரரசர் ஹேட்ரியன், இரண்டாம் அகஸ்டா லீஜியன், ஆளுநர் பிளாட்டோரியஸ் நெபோஸ் மூன்று பெயரும் அதில் உண்டு. நெபோஸ் பிரிட்டனுக்கு வந்தது கி.பி. 122இல். அதே லீஜியனின் கல்வெட்டு 37, 42ஆம் மைல்கோட்டைகளிலும் கிடைத்ததால், அங்குள்ள வாயில் அமைப்பை அந்த லீஜியனின் பாணியாகக் கொண்டு, கல்வெட்டே இல்லாத மைல்கோட்டைகளையும் அடையாளம் காண முயல்கிறார்கள். கற்கள் தந்த மிகப் பெரிய பலன் இதுதான் என்பேன். வாயிலைப் பிற்காலத்தில் இடித்துத் திருத்தியிருந்தால் மட்டும் கணக்கு பிசகும்.

பாவுகல்:
கல் எங்கே கிடைத்தது என்பதை முதலில் பாருங்கள். சுவர்க் கற்களைப் பெயர்த்துப் பண்ணை வீடுகளும் வயல் மதில்களும் கட்டிவிட்டார்கள். ரோமானியரே அப்படிச் செய்தார்கள்: பர்டோஸ்வால்ட் கோட்டையின் தானியக் களஞ்சியக் கல்வெட்டு, பிற்காலக் கட்டடத் தளத்தில் பாவுகல்லாகக் கிடந்தது. அதில் பேரரசர் செவெரஸின் இளைய மகன் கெட்டாவின் பெயர் கொத்தி அழிக்கப்பட்டிருக்கிறது. அவன் அண்ணன் கராகல்லாவால் கொல்லப்பட்டது 211இல்; அதன்பிறகுதான் அவன் பெயரைக் கல்வெட்டுகளிலிருந்து அழித்தார்கள். அப்படியானால் கல் அதற்கு முந்தியது. அழிப்பும் ஒரு காலச் சான்று.

தொலைவுக்கல்:
ஹேட்ரியன் சுவருக்கு வடக்கே, ஸ்காட்லாந்தில் ரோமானியர் பின்னர் கட்டிய ஆண்டோனைன் சுவரின் கற்பலகைகளையும் பாருங்கள். 1868இல் கிடைத்த பிரிட்ஜ்னெஸ் பலகை, இரண்டாம் லீஜியன் 4652 பாஸ் கட்டியதாகச் சொல்கிறது. ஒரு பாஸ் 5 ரோமன் அடி, ஏறக்குறைய 1.48 மீட்டர், மொத்தம் 6.9 கி.மீ. மேற்குக் கோடியின் பலகைகளிலோ அளவு அடியில்: ஹட்செசன் ஹில்லில் 3000 அடி, அதாவது 890 மீட்டர்கூட இல்லை. அலகு மாறிய அந்தப் பகுதி, வேலையைத் திரும்பப் பங்கிட்டுப் பிந்திக் கட்டியது என்ற விளக்கம் எனக்குப் பொருத்தமாகத் தெரிகிறது.

வடக்குவாசல்:
நன்றி. தேய்ந்த எழுத்தை எப்படிப் படிப்பது?

கல்லெழுத்து:
கேமராவை அசைக்காமல், விளக்கைக் கல்லோடு ஒட்டிச் சாய்வாக வைத்து நாலு பக்கத்திலிருந்தும் படமெடுங்கள். ஒரே திசையில் எடுத்தால், ஒளிக்கு இணையாக ஓடும் கோடுகள் மறைந்துவிடும். குறைந்தது இரண்டு படங்களிலாவது நிற்கும் கோட்டை மட்டும் எழுத்தாக எண்ணுங்கள்; உளித்தடங்கள் சாய்வாக, ஒரே இடைவெளியில் ஓடும். சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பவே கூடாது. நாம் ஊகித்த எழுத்துதான் அதன்பின் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.