கலைச்சொல் பரிந்துரை: கோப்பு முறைமை முயல்வரிசை

புதுச்சேரியிலிருந்து:

தோழர்களுக்கு வணக்கம். வட்டைக் கணினியின் அடைவுகளோடு இணைக்கும், லினக்சின் மவுன்ட் கட்டளைக்கான கையேட்டைத் தமிழாக்குவதில் ஒரு சொல் இடறுகிறது. மவுன்டுக்குப் 'பொருத்து' என்றே வைத்திருக்கிறோம். 'ஏற்று' என்பது லோடுக்குப் போய்விட்டது, இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

கோப்பு முறைமையின் (வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறையின்) வகையைக் குறிப்பிடாமல் வட்டைப் பொருத்தினால், மவுன்ட் எட்சி அடைவில் உள்ள ஃபைல்சிஸ்டம்ஸ் கோப்பைப் பார்த்து, அதிலுள்ள வகைகளை மேலிருந்து கீழாக முயன்று பார்க்கும். கடைசி வரியில் உடுக்குறி (*) மட்டும் இருந்தால், அதன்பின் ப்ராக் அடைவில் கெர்னல் (லினக்சின் உட்கரு) தரும் பட்டியலுக்கும் போகும். அந்தக் கோப்பே இல்லையென்றால் நேராக ப்ராக்தான். இந்தப் பட்டியலுக்கு 'அனுமதிப் பட்டியல்' என்று வைக்கலாமா?

கடலூரிலிருந்து:

வணக்கம் தோழர். 'அனுமதி' வேண்டாம். அதைப் படிக்கிறவர், பட்டியலில் இல்லாத வகை பொருந்தவே பொருந்தாது என்று நம்பிவிடுவார். நடப்பது வேறு. பிளாக்ஐடி என்ற நிரல் நூலகம் முதலில் வட்டின் சூப்பர்பிளாக்கை (முறைமையின் அடையாளம் பதிந்த பகுதியை) படித்து இனங்காண்கிறது. இனம் தெரிந்தால் பட்டியலைத் திறப்பதே இல்லை. மஞ்சக்குப்பத்து ஸ்டூடியோவுக்கு வரும் 64 ஜிபி கேமரா அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வகை எக்ஸ்ஃபேட். பட்டியலில் அந்தப் பெயர் இல்லாவிட்டாலும், கெர்னலில் ஆதரவு இருந்தால் (5.7ஆம் பதிப்பிலிருந்து முறைப்படி உண்டு) பொருந்திவிடும்.

ஒரு வகையை உண்மையிலேயே தடுக்க வேண்டுமானால் கெர்னலின் மாட்யூல்களை (தனியே சேர்க்கும் துண்டுகளை) ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையின் அமைப்பில் 'இன்ஸ்டால் க்ராம்எஃப்எஸ் /பின்/ஃபால்ஸ்' (க்ராம்எஃப்எஸ் என்பது ஒரு வகையின் பெயர்) என்பது போல ஒரு வரி எழுத வேண்டும். அதுவும் கெர்னலுக்குள்ளேயே கட்டப்பட்ட வகையிடம் செல்லாது. தனி மாட்யூலாக இருப்பதற்குத்தான்.

ஆகவே 'முயல்வரிசை' என்கிறேன். இங்கே வரிசைதான் உயிர். நீண்ட பெயர்களைத் தாங்கும் விஃபேட் வகைக்கு முன்னால் பழைய எம்எஸ்டாஸ் வகையை எழுதி, இனங்காணலும் தவறினால், பென்டிரைவ் எம்எஸ்டாஸாகப் பொருந்தும். கோப்புப் பெயர்கள் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து என்று சுருங்கும். 'திருமண அழைப்பிதழ்' என்று தமிழில் பெயர் வைத்த கோப்பை யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஈஎக்ஸ்டி3-க்கு முன்னால் ஈஎக்ஸ்டி2 இருந்தாலும் சிக்கல்தான்: ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவேடு) இல்லாமல் பொருந்தும், மின்சாரம் போனால் முழு வட்டையும் எஃப்எஸ்சிகே கட்டளை சரிபார்க்க வேண்டிவரும்.

புதுச்சேரியிலிருந்து:

சரியான திருத்தம். 'இனங்காணல்' வேறு, 'முயலல்' வேறு என்று இரண்டு பதிவாகவே போடுகிறேன். இனங்காணலின் கீழ் இதையும் சேர்க்க வேண்டும்: மறுபடி ஃபார்மட் செய்த வட்டில் பழைய முறைமையின் அடையாளம் அழியாமல் கிடந்தால் பிளாக்ஐடி இரண்டையும் காண்கிறது. அப்போது மவுன்ட் முயல்வரிசைக்குப் போகாது, பிழை சொல்லி நின்றுவிடும். அடையாளங்களை அழிப்பதற்கான வைப்எஃப்எஸ் கட்டளையை விருப்பம் (ஆப்ஷன்) எதுவும் இல்லாமல் ஓட்டினால் அடையாளங்களைக் காட்டும், எதையும் அழிக்காது. பார்த்த பிறகு பழையதன் இடத்தை மட்டும் கொடுத்து அழிக்கலாம். 'எல்லாம்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் வேண்டியதும் போய்விடும். இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுகிறேன்.

ப்ராக் பட்டியலில் 'நோடெவ்' (வட்டு போன்ற கருவி தேவைப்படாதவை) என்று குறித்தவற்றை மவுன்ட் முயல்வதில்லை. ப்ராக், சிஸ்எஃப்எஸ், டெம்ப்எஃப்எஸ் எல்லாம் அந்தக் கணக்கு. அதற்குக் 'கருவிசாரா' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.