பிரித்து மாட்டிய லேப்டாப்: டச்பேட் தானாக கிளிக் ஆகிறது, ஒரு ஸ்க்ரூ மிச்சம்

ஆரியங்காவு சாரல்:
அண்ணன்மார்களே, ஒரு உதவி. புளியரைப் பக்கம் மர அறுவை மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மரத்தூளும் சாரல் ஈரமும் சேர்ந்து லேப்டாப் ஃபேனில் களி மாதிரி அப்பிவிட்டது. சூடு தாங்காமல் ஞாயிற்றுக்கிழமை நானே பின்மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் புதிதாக வைத்து மூடினேன். ஃபேன் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் வேறு வம்பு கிளம்பிவிட்டது.

மூன்று தடவை ஆன் செய்தால் ஒரு தடவைதான் விண்டோஸ் வருகிறது. மற்ற நேரம் கறுப்புத் திரையில் 'நோ பூட்டபிள் டிவைஸ்'. வந்தாலும் டச்பேட் தன்பாட்டுக்கு கிளிக் ஆகி, எக்செல்லில் பாதிக் கணக்கு செலக்ட் ஆகி நிற்கிறது. வைஃபை, மோடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால்தான். மேசையில் ஒரு குட்டி ஸ்க்ரூ வேறு மிச்சம். புனலூரில் ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல் 'போர்டு போயி' என்று 7,000 கேட்டார்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஜிஎஸ்டி கணக்கு அனுப்ப வேண்டும்.

செங்கோட்டைக்காரன்:
தம்பி, கையை வைத்தது போதும், பேசாமல் தென்காசிக்குக் கொண்டு போ. ஸ்க்ரூ மிச்சமானதற்குப் பயப்படாதே. மிச்சம் விழாமல் லேப்டாப் மாட்டிய ஆளை நான் பார்த்ததே இல்லை.

பழைய போர்டு:
அண்ணாச்சி, அந்த ஸ்க்ரூவை அப்படித் தள்ளிவிடாதீர்கள். இங்கே அதுதான் சாட்சி. தம்பி, அதன் தலை எப்படி இருக்கிறது? பின்மூடி ஸ்க்ரூ எல்லாம் ஒரே நீளமா? அப்புறம், டச்பேட் ஓரத்தில் விரலால் தடவிப் பார், எங்கேயாவது மேடு தட்டுகிறதா?

ஆரியங்காவு சாரல்:
தலை பட்டையாக இருக்கிறது, உடம்பு மிளகைவிடக் குட்டை. பின்மூடியில் பத்து குழி, பத்திலும் ஸ்க்ரூ இருக்கிறது. நீளத்தைக் கவனிக்கவில்லை அண்ணே, எல்லாவற்றையும் ஒரே டீ டம்ளரில் போட்டு வைத்திருந்தேன். டச்பேட்டுக்கு இடப்பக்கம் தடவினால் உளுந்து அளவுக்கு ஒரு மேடு.

பழைய போர்டு:
முதலில் ஆஃப் செய்து சார்ஜரைப் பிடுங்கு. இனி திறக்கும்வரை ஆன் செய்யாதே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முன்பக்கத்தில், கை வைக்கும் பலகைக்கு அடியில்தான் பெரும்பாலும் பேட்டரி படுத்திருக்கும். அங்கே குட்டை ஸ்க்ரூதான் போகும். நீளமானவை திரை கீல் பக்கத்துக்கு. டம்ளரில் கலந்ததால் நீளமானது ஒன்று முன்னால் வந்து உள்ளிருந்து முட்டுகிறது. டச்பேட் கிளிக் அதனால்தான். அதே முனை லித்தியம் பேட்டரிப் பையில் குத்தினால் புகை கிளம்பும், தீயும் பிடிக்கும். கீல் மூலையில் ஒரு ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமே, அதுதான் இடம் மாறின குட்டை.

மிச்சமான பட்டைத் தலை, எஸ்எஸ்டியை, அதாவது விண்டோஸ் இருக்கிற சேமிப்பு அட்டையைப் பிடிக்கிற ஸ்க்ரூ போலத் தெரிகிறது. அது இல்லாவிட்டால் எஸ்எஸ்டி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். மூடி அழுத்தினால் தொடும், இல்லையென்றால் விடும். மூன்றில் ஒரு தடவை பூட் ஆவது அந்தக் கணக்குதான். போர்டு போயிருந்தால் பெரும்பாலும் விண்டோஸ் வந்து எக்செல் வரைக்கும் ஓடாது.

திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. ஒயரைப் பிடித்து இழுக்காதே, பிளக்கைப் பிடி. பவர் பட்டனை ஒரு 20 விநாடி அழுத்தி வை. எஸ்எஸ்டியை உருவி, தங்கப் பல்லில் தூள் இருந்தால் ஊதிவிட்டு, சாய்த்துச் செருகி அழுத்தி ஸ்க்ரூ போடு. வைஃபை கார்டில் பட்டன் மாதிரி முனையோடு இரண்டு மெல்லிய ஆன்டெனா ஒயர் இருக்கும்; ஒன்று கழன்றிருக்கும் பார். நேராக வைத்து விரலால் அழுத்தினால் டிக் என்று உட்காரும்.

ஆரியங்காவு சாரல்:
அண்ணே, இடப்பக்கக் குழியிலிருந்து வந்தது நீள ஸ்க்ரூவேதான்! மற்றதைவிட இரட்டிப்பு இருக்கிறது. நல்லவேளை, பேட்டரியைத் தொடவில்லை, டச்பேட் தகட்டை முட்டிக்கொண்டிருந்தது. எஸ்எஸ்டி குட்டிப்பாம்பு மாதிரி தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கறுப்பு ஒயரும் கழன்றுதான் கிடந்தது. மாட்டி ஆறு தடவை ஆன் செய்துவிட்டேன், ஆறும் வந்தது. இப்போது அடுக்களையிலிருந்துதான் எழுதுகிறேன், மோடம் வாசல் அறையில். அந்த உளுந்து மேடு மட்டும் அப்படியே நிற்கிறது, பிளாஸ்டிக் வெளுத்துவிட்டது. அது போகுமா?

பழைய போர்டு:
போகாது. சூடு காட்டித் தட்டையாக்கப் பார்க்காதே, அடியில் பேட்டரி. அடுத்த தடவை டம்ளர் வேண்டாம். ஒரு அட்டையில் லேப்டாப் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றுகிற ஸ்க்ரூவை அந்தந்த இடத்திலேயே குத்தி வை.

செங்கோட்டைக்காரன்:
சரி, நான் சொன்ன தென்காசியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் வீட்டிலும் ஒரு டப்பா நிறைய மிச்ச ஸ்க்ரூ கிடக்கிறது, இப்போது அதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது.